முதலியார் கிணறும் ஐயாமார் வாக்கும்

நெய்வேலியின் சரித்திரத்தை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று ஆண்டு விழா மலரில் வருவது: தொலைநோக்கு, அர்ப்பணிப்பு, பொன்னாடை. இன்னொன்று எந்த ஊரிலும் நடப்பது: ஒருவர் சொல்கிறார், ஒருவர் நம்ப மறுக்கிறார், மூன்றாமவர் கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாற்றலாகிப் போய்விடுகிறார். முதல் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் இங்கே இரண்டாவது. ஆண்டுகளும் பேர்களும் அசல். உரையாடல்கள் என் கைச்சரக்கு. எது அசல், எது சரக்கு என்று பிரித்துப் பார்ப்பது வாசகர் பொறுப்பு. கட்டுரையின் விஷயமே அதுதான்.

1934. தென்னாற்காடு ஜில்லா. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போடுகிறார். பூமிக்கடியில் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் ஊற்றுக்கு அந்தப் பக்கம் பேர்போனது. சரியான ஆழத்தைத் தொட்டால் ஏற்றமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம், தண்ணீர் தானே மேலே வரும். வந்தது. கூடவே கறுப்பும் பழுப்புமாக இன்னொன்றும் வந்தது.

வேறொருவராக இருந்தால் கிணறு கெட்டுவிட்டது என்று ஜோசியரிடம் போயிருப்பார். முதலியார் அரசாங்கத்திடம் போனார். இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது.

கச்சேரி வாசலில் டபேதார் மறித்திருப்பார்.

"என்ன மொதலியாரே, மூட்டையோட வந்திருக்கீங்க?"

"கெணத்துல வந்தது. காயவெச்சா எரியுது."

"எரிஞ்சா தண்ணி ஊத்தி அணைங்க. இதுக்கு எதுக்குக் கலெக்டரு?"

ஒருவழியாக உள்ளே போனால் குமாஸ்தா.

"இது எந்தக் கணக்குல வரும்? நஞ்சையா, புஞ்சையா?"

"கரிங்க."

"கரி வங்காளத்துல இருக்கு. ராணிகஞ்சுன்னு கேள்விப்பட்டதில்லையா? இங்க கரி இருக்கணும்னா மேலேருந்து உத்தரவு வரணும்."

"இது கீழேருந்து வந்ததுங்க."

குமாஸ்தாவை முட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. சந்தேகப் பேர்வழி என்றும் நினைக்கக் கூடாது. அவர் பரம பக்தர். கரி எங்கெங்கே உண்டு என்று புத்தகம் சொல்கிறது. புத்தகத்தை எழுதியவர் துரை. துரை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எதிரே மூட்டையில் இருப்பது கரியா என்று பார்க்கக் குனிய வேண்டும். நம்புவதற்கு நிமிர்ந்தே உட்காரலாம். இல்லை என்று தலையாட்டுகிறவர்களை நாம் சந்தேகக்காரர்கள் கணக்கில் சேர்க்கிறோம். பாதிப் பேர் வேறு யாரோ சொன்ன இல்லையை நம்பித் தலையாட்டுகிறவர்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. புதுச்சேரிப் பக்கம், பாகூர் வட்டாரத்தில், பிரெஞ்சுக்காரர்கள் ஊற்றுக்கிணறு போட்டபோது 1880களிலேயே பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டிருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் அது தெரியும். அரை நூற்றாண்டாகச் சேதி ஏட்டில் இருந்தது. ஏட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு காலனி எல்லை. கரிதான் எல்லையைப் பார்க்காமல் இந்தப் பக்கமும் நீண்டு கிடந்தது. முதலியார் கண்டுபிடித்தது புதிய பொருளை அன்று. அரசாங்கம் ஏற்கெனவே அறிந்து மறந்த ஒன்றைச் சொந்தச் செலவில் ஞாபகப்படுத்தினார்.

1941இல் பின்னி கம்பெனி அஜீஸ் நகர்ப் பக்கம் சில துளைகள் போட்டுப் பார்த்தது. யுத்தம் வந்து எரிபொருளுக்குத் தட்டுப்பாடு ஆனதும் சர்க்காருக்கும் பூமியில் அக்கறை பிறந்தது. 1943 முதல் 1946 வரை நிலவியல் ஆய்வுத் துறை இறங்கித் துளைத்தது. அடியில் கரி இருக்கிறது, கொஞ்சநஞ்சமல்ல என்று எழுதியும் வைத்தது. ஆக, முதலியார் சொன்னதை நம்ப உலக யுத்தமே தேவைப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் தயங்கியவர்கள் பக்கமும் பேச வேண்டும். நெய்வேலிக் கரி லேசுப்பட்ட சரக்கு அல்ல. எடையில் பாதிக்குத் தண்ணீர். வெட்டிக் குவித்து வைத்தால் யாரும் கொள்ளி வைக்காமலே தானே பற்றிக்கொள்ளும். அதற்கு மேலே கடலூர் மணற்கல் கெட்டியாகப் படுத்திருக்கிறது. கீழே, முதலியாருக்கு இனாமாகத் தண்ணீர் கொடுத்த அதே ஊற்று, சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ வரை அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருக்கிறது. மேல்மண்ணை எடுத்துவிட்டால் அது கரிப் படலத்தைப் பிளந்துகொண்டு வரும்; சுரங்கம் வெட்டப் போய் ஏரி வெட்டிய கதையாகும். இப்படிப்பட்ட இடத்தில் கோடிக்கணக்கில் பணம் போடலாமா என்று கேட்டவர் புத்திசாலி.

ஆனால் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டவர் எத்தகைய புத்திசாலி? 1951இல் எச். கே. கோஷ் என்ற சுரங்கப் பொறியாளரிடம் வேலை வந்தது. அவருக்கும் அதே சந்தேகம்தான் இருந்திருக்கும். அவர் கோப்பை மூடவில்லை, துளைக்கருவியைத் திறந்தார். வரிசை வரிசையாகத் துளை போட்டுக் கரி எத்தனை ஆழத்தில், எத்தனை கனத்தில் என்று அளந்தார்கள். தண்ணீரை இறைத்துப் பார்த்தார்கள். 1953இல் சோதனைக்காக ஒரு குழியே வெட்டிப் பார்த்தார்கள். ராத்திரி பகலாகப் பம்பு ஓடினால் ஊற்று அடங்கும் என்று தெரிந்தது. ஊற்றை அடக்க இன்றுவரை அதே வைத்தியம்தான். தண்ணீருக்குப் பதவி தெரியாது. சேர்மன் வந்து நின்றாலும் பம்பு நின்றால் அது எழும்பிவிடும்.

அடுத்து வெளிநாட்டு ஐயாமார் வருகை. நம் ஊரில் உள்ளூர்க்காரன் அளந்ததை வெள்ளைக்காரன் ஒருமுறை படித்துப் பார்த்துத் தலையசைத்தால்தான் அது அளவு. கொழும்புத் திட்டத்தின்கீழ் பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் நிபுணர்கள் யோசனை சொல்ல வந்தார்கள். வேல்ஸ் நாட்டில் சுரங்க ஜாம்பவான்களாக இருந்த கம்பெனி அது. 1947இல் பிரிட்டிஷ் அரசு நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியதில் தன் சுரங்கங்களைப் பறிகொடுத்திருந்தது. சொந்தச் சுரங்கத்தை ஓர் அரசிடம் இழந்தவர்கள், இன்னோர் அரசுக்குச் சுரங்கம் தோண்ட வழி சொன்னார்கள். சொன்னதைச் சரியாகவே சொன்னார்கள்: ஆண்டுக்கு 35 லட்சம் டன் வெட்டலாம், மின்சாரம் எடுக்கலாம், உரம் செய்யலாம், புகையில்லாத அடுப்புக்கரி செய்யலாம். அடுப்புக்கரி பின்னாளில் 'லெக்கோ' என்ற பேரில் தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்கு வந்தது.

முதலமைச்சர் காமராஜர் விடவில்லை, டெல்லி அசைந்தது. 1956 நவம்பர் 14ஆம் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பிறந்தது. அன்று நேருவுக்கும் பிறந்தநாள். குழந்தைகளுக்கு மிட்டாய், பிரதமருக்குச் சுரங்கம். 1957 மே 20 அன்று நேருவே வந்து வேலையைத் தொடங்கிவைத்தார். மே மாதத்துத் தென்னாற்காட்டு வெயிலில் கூட்டம் நின்று கேட்டது. மேடையில் பேசிய யாரையும் அன்று ஒருவரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். சந்தேகப்படக் கொஞ்சம் நிழலாவது வேண்டாமா?

மேல்மண்ணை அள்ள மேற்கு ஜெர்மனியிலிருந்து ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வந்தன. சக்கரத்தின் விளிம்பெல்லாம் பக்கெட்டு. பக்கெட்டு நுனியெல்லாம் பல்லு. ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரி வயல்களில் மெத்தென்ற மண்ணைத் தின்று வளர்ந்த ஜாதி அது. ஜெர்மன்காரர் செய்த இயந்திரத்தைச் சந்தேகப்படுவது நம் நாட்டில் கிட்டத்தட்ட தெய்வ நிந்தனை. கடலூர் மணற்கல்லுக்கு அந்த மரியாதை தெரியவில்லை. பற்கள் மளமளவென்று தேய்ந்தன. "மண் சரியில்லை" என்று சொல்லியிருந்தால் ஜெர்மனியின் மானம் தப்பியிருக்கும், கரி வந்திருக்காது. நல்லவேளையாக இங்கே வேலை செய்தவர்கள் கையேட்டை மூடிவைத்துவிட்டுப் பாறையைப் பார்த்தார்கள். முதலில் துளைபோட்டு வெடிவைத்துப் பாறையைத் தளர்த்திவிடுவது, பிறகு சக்கரத்தை விடுவது என்று வழிகண்டார்கள். நிபுணர் தப்பாகச் சொல்லவில்லை. வேறு ஊரைப் பற்றிச் சரியாகச் சொன்னார். அதிகார வாக்கில் பாதிக் கோளாறு இந்த ரகம்.

1961 ஆகஸ்ட்டில் கரி முகம் தெரிந்தது. உலக சரித்திரத்தில் அது ரொம்பப் பரபரப்பான மாதம். அதே ஆகஸ்ட் 13ஆம் தேதி பெர்லினில் சுவர் எழும்பத் தொடங்கியது. அதே மாதம் அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தில், ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியல் ஆசிரியர் ஒரு சோதனையை ஆரம்பித்தார். நெய்வேலியில் மேல்மண்ணை அகற்றி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். மில்கிராமும் அதையேதான் செய்தார், மனுஷன்மேல்.

சோதனை இது. விளம்பரம் பார்த்து வந்தவரை ஒரு பெட்டிக்கு முன்னால் உட்காரவைப்பார்கள். பக்கத்து அறையில் ஒருவர் தப்பான விடை சொல்லும்போதெல்லாம் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் 15 வோல்ட் கூட்ட வேண்டும். பக்கத்து அறை ஆள் நடிகர், மின்சாரமும் பொய். அவர் அலறுவார், இவர் தயங்குவார், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் பின்னால் நின்று "தயவுசெய்து தொடருங்கள்" என்பார். அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, சம்பள வெட்டு இல்லை, மெமோ இல்லை. முதலில் வெளியான சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். வேர்த்துக் கொட்டிக்கொண்டு, கைநடுங்க, முணுமுணுத்தாலும் கோட்டை மீறாமல் போனார்கள்.

கொடூரர்களா? இல்லை. நம்மைப்போல ஆட்கள். நாள் முழுக்க நாம் யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது. பஸ் டிரைவரின் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு ஏறுகிறவர் யார்? மாத்திரையைக் கடித்து ருசி பார்த்துவிட்டா டாக்டரை நம்புகிறோம்? எல்லாவற்றையும் நாமே சோதிப்பதென்றால் காலை காபிக்கே சாயங்காலம் ஆகிவிடும். நம்பிக்கை தப்பான பழக்கம் அல்ல, சிக்கனம். அறிவை நம்புகிறோம் என்று எண்ணிக்கொண்டு கோட்டை நம்பும்போதுதான் இடிக்கிறது.

மில்கிராம் அதையும் ஆட்டிப் பார்த்தார். யேலின் பெருமைமிக்க கட்டடத்திலிருந்து வேறு ஊரில் ஒரு சாதாரண ஆபீசுக்குச் சோதனையை மாற்றினார். கடைசிவரை போனவர்கள் பாதிக்கும் கொஞ்சம் கீழே இறங்கினார்கள். கோட்டுக்காரர் அறையைவிட்டு வெளியே போய் டெலிபோனில் உத்தரவு போட்டார். கீழ்ப்படிந்தவர்கள் ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். பிறகு இரண்டு கோட்டுக்காரர்களை நிறுத்தினார்; ஒருவர் தொடரச் சொல்ல, இன்னொருவர் நிறுத்தச் சொன்னார். ஒருவர்கூடக் கடைசிவரை போகவில்லை. மேலே இரண்டு பேருக்கு ஒத்துப்போகாவிட்டால்தான் கீழே இருப்பவனுக்கு மூளை இயங்குகிறது.

மில்கிராமும் கோட்டுப் போட்டவர்தானே, அவரை மட்டும் நம்பலாமா? கூடாது. பின்னாளில் அவருடைய பதிவுகளைக் குடைந்தவர்கள், வந்தவர்களில் சிலர் இது நாடகம் என்று அப்போதே மோப்பம் பிடித்ததையும், கோட்டுக்காரர் எழுதிவைத்த வசனத்தை மீறி வற்புறுத்தியதையும் கண்டுபிடித்தார்கள். எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். விஷயத்தைத் தள்ளுபடி செய்ய முடியவில்லை.

அந்தச் சோதனைகள் 1962 மே மாதம் முடிந்தன. அதே மாதம் நெய்வேலியில் அனல்மின் நிலையத்தின் 50 மெகாவாட் முதல் அலகு சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கியது. இப்போது இந்த ஊரின் நிலைமையைப் பாருங்கள். பெர்லினில் நடுவே சுவர் வைத்து முறைத்துக்கொண்டிருந்த இரண்டு தரப்பு. மேற்கு ஜெர்மன் சக்கரம் மண்ணை அள்ள, வெட்டிய கரியை ரஷ்ய பாய்லர் எரித்தது. யோசனை சொன்னது லண்டன். மில்கிராம் சிரமப்பட்டு ஏற்பாடு செய்த இரண்டு கோட்டுக்காரர் சோதனை இங்கே இனாமாக நடந்தது. ஒரே ஒரு வல்லரசு மொத்த வேலையையும் எடுத்திருந்தால் நம்மவர்கள் "ஐயா சொன்னார்" என்று ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்பது என் ஊகம். மூன்று ஐயாமார் மூன்று பாஷையில் பேசியதால் கடைசியில் இயந்திரத்தையே கேட்க வேண்டியதாயிற்று. அந்த முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட்டாக வளர்ந்து, சோவியத் யூனியன் காணாமல் போன பிறகும் ஓடி, 2020இல்தான் நின்றது.

இவ்வளவு பட்ட பிறகு எரிபொருள் விஷயத்தில் தமிழ்நாடு தெளிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். 1996 வந்தது. ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை வந்தார், மூலிகை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பெட்ரோலாக்குவேன் என்றார். டெல்லியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை முன்னிலையிலேயே செய்துகாட்டினார். பெரிய பெரிய நாற்காலிகள் அசந்து போயின. நாற்காலிகள் அசந்ததைப் பார்த்துப் பத்திரிகைகள் அசந்தன. பத்திரிகையைப் படித்து டீக்கடை அசந்தது. ஒருவர் கண்ணை இன்னொருவர் கண்ணாக நினைத்துக்கொண்டதில் யார் கண்ணால் பார்த்தது என்பதே மறந்துபோயிற்று.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ. அதில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் கார்பன். தண்ணீரில் கார்பனே கிடையாது. அறுநூறு கிராம் கார்பனை ஒரு பிடி இலை எங்கிருந்து கொண்டுவரும்? எட்டாம் வகுப்புக் கணக்கு. பெரியவர்கள் இருந்த சபையில் இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டிய பையன், பெரியவர்களே பார்த்திருப்பார்கள் என்று பேசாமல் இருந்திருப்பான். பிறகு சென்னை ஐஐடியில் கட்டுப்பாடோடு சோதித்தபோது பெட்ரோல் வரவில்லை. எரியாது என்று நாம் நினைத்த கரி பூமியிலிருந்து வந்தபோது ஏழு வருஷம் துளை போடவில்லை. எரியும் என்று நாம் ஆசைப்பட்ட தண்ணீர் பானையிலிருந்து வந்தபோது ஏழு நாள் பொறுக்கவில்லை.

நெய்வேலியிலேயே இன்னொரு நம்பிக்கைக் கணக்கு பாக்கி இருக்கிறது. அதில் சிரிப்பு குறைவு. 1950களில் நாட்டுக்காக என்று கேட்டபோது சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள் வீடும் நிலமும் விட்டுப் பெயர்ந்தார்கள். மேடையில் சொன்ன வார்த்தையை அப்போது பத்திரமாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பேரன்மார் இப்போது வார்த்தையைத் தொடுவதில்லை. வேலை நிரந்தரமா, விலை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், காகிதம் எங்கே என்கிறார்கள். 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியது. நிலம் எப்போதோ எடுத்தாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது என்றது நிர்வாகம். கதிர் வரும்வரை பொறுக்கக்கூடாதா என்றார்கள் ஊர்க்காரர்கள். அந்த வழக்கின் நியாயம் எப்படியானாலும், தாத்தா நம்பியதையும் பேரன் கேட்பதையும் ஒரே ஊர்தான் உண்டாக்கியது. ஜனங்கள் சந்தேகக்காரர்களாகிவிட்டார்கள் என்று அலுத்துக்கொள்கிற அதிகாரிகள், அந்தப் பாடத்தை நடத்திய வாத்தியார் யார் என்று யோசிக்கலாம்.

திருவள்ளுவர் இந்த விவகாரத்தை 510ஆம் குறளில் முடித்துவைத்திருக்கிறார். ஆராயாமல் ஒருவரை நம்புவதும் தொல்லை, ஆராய்ந்து நம்பியபின் அவரைச் சந்தேகப்படுவதும் தொல்லை, இரண்டும் தீராது என்பது சாரம். பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் நம்மிடையே இரண்டு கட்சி. ஒரு கட்சி ஐயா சொன்னதால் நம்பும். இன்னொரு கட்சி ஐயா சொன்னதாலேயே நம்பாது. தடுப்பூசி, நிலாப் பயணம், தேர்வு முடிவு எதுவானாலும் "உள்ளே ஏதோ இருக்கு சார்" என்று கண்ணடிக்கும். இரண்டு கட்சிக்கும் ஆராயும் உத்தேசம் கிடையாது. இரண்டாம் கட்சிக்காரர் தம்மை அறிவாளி என்று எண்ணிக்கொள்வது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆராய்வதற்கு எல்லோரும் விஞ்ஞானி ஆக வேண்டியதில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பணிவாக ஒரு கேள்வி போதும். விஷயம் தெரிந்தவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்; நாற்காலியை இழுத்துப் போட்டு, வேண்டாம் என்றாலும் ஒரு மணி நேரம் சொல்லுவார். விஷயம் தெரியாதவர் "நான் யார் தெரியுமா?" என்பார். தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டோம் என்று கும்பிட்டுவிட்டு வரலாம். ஒரே துறையில் இன்னும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து அதையே சொல்கிறார்களா, சொன்னது தப்பானால் எதைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம் என்று அவரே சொல்கிறாரா என்பதையும் பார்த்துக்கொண்டால், அப்புறம் நம்பலாம். தாராளமாக நம்பலாம். 1934இல் முதலியாரைச் சந்தேகப்பட்டவர் ஜாக்கிரதைக்காரர்; 1953இல் குழிக்குள் கரியைப் பார்த்த பிறகும் சந்தேகப்பட்டிருந்தால் அவரை அந்தக் குழி ஓரமாக நிற்கவிடக் கூடாது.

முதலியார் தம்மை நம்பச் சொல்லிக் கேட்டவர் அல்ல, சரக்கைக் காட்டியவர். கோஷ் அவரை நம்பியவரும் அல்ல, துளைபோட்டவர். ஊர் உண்டானது இந்த இரண்டு காரியத்தால். சந்தேகத்துக்கு ஒரு கூலி உண்டு. துளை போடுகிறவனுக்குக் கொடுக்க வேண்டிய கூலி. அதைக் கொடுக்காமல் உட்கார்ந்த இடத்தில் உதட்டைப் பிதுக்குகிறவரைச் சந்தேகக்காரர் என்று சொல்லாதீர்கள். அந்தக் குமாஸ்தா இன்னும் ரிட்டயராகவில்லை என்று சொல்லுங்கள்.